டார்ச் அடித்தால் டாக்டர் வருவார்

பேரியான் ஒத்ததிர்வு என்ற மகத்தான அணுத்துகள் தத்துவத்தைக் கொல்லிமலை மக்களுக்கு எடுத்துச் சொன்ன பெருமை உலகில் ஒருவரையே சேரும். அவர் எங்கள் ஆணையர் அருணாசலம். 1963-இல் மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் அவர் கூட்டிய 'அறிவியல் விழிப்புணர்வு விழா'வுக்கு, அவருடைய குமாஸ்தாவாக நானும் போனேன். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து, ஆள் சுமக்கும் டோலியில் ஆணையர் ஏறினார். விஞ்ஞானம், அதாவது பட்டணத்துப் பேராசிரியர், பின்னால் நடந்து வந்தது.

விழாவில் பேராசிரியர் மூச்சு வாங்கியபடி டார்ச் லைட்டை உயர்த்திப் பிடித்தார்.

"கடும் ஆற்றலுள்ள ஒளி, அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் மேல் விழுந்தால், கண நேரம் கனமான ஒன்று தோன்றும். அதுதான் ஒத்ததிர்வு. தோன்றிய வேகத்திலேயே உடைந்து விந்தைத் துகள்களாகச் சிதறிவிடும். அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சிதறியதை வைத்துத்தான் அது இருந்தது என்கிறோம்."

காய்ச்சலில் துவண்ட மகள் சின்னாயியைத் தோளில் போட்டிருந்த முனியாயி எழுந்தாள்.

"ஏனுங்க, எங்க ஆசுபத்திரி டாக்டரும் அந்த வகைங்களா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. முந்தின மாதம் ஆசுபத்திரித் திறப்பு விழாவில் போட்டோக்காரரின் விளக்கு பளிச்சிட்டபோது டாக்டர், நர்ஸ், மருந்துப் பெட்டி எல்லாம் தோன்றியது உண்மை. பல்பின் சூடு ஆறுமுன் எல்லாம் மலையிறங்கியதும் உண்மை. ஒரு பூட்டும் வாடிய மாலையும் மிஞ்சின.

"வெளிச்சம் பட்டாத்தான் வருவாருன்னா, அந்த லைட்டை ஆசுபத்திரிப் பக்கம் கொஞ்சம் அடிங்க சாமி. புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க."

"பூட்டியிருக்கிறது! விதிப்படி அனுமதி வேண்டும்!" என்று ஆணையர் பதறினார்.

"ஒளிக்கு ஏது சார் பூட்டு?" என்ற பேராசிரியர், பக்கத்திலிருந்த ஆசுபத்திரியின் ஜன்னல் இடுக்கில் டார்ச்சை அடித்தார்.

டாக்டர் தோன்றவில்லை. மிளகு மூட்டைகள் தோன்றின. மூட்டைக்கு மூட்டை ஆணையரின் பெயர் கறுப்பு மையில் பளபளத்தது. இத்தனை பெரிய விந்தைத் துகள்களைப் பேராசிரியர் அதுவரை பார்த்ததில்லையாம்.

"பாதுகாப்புக்காக வைத்தது..." என்றார் ஆணையர்.

டோலிக்காரன் காத்தான் தன் கூட்டாளியை அழைத்தான். அவனோடு டோலியைத் தூக்கி வந்து முனியாயி முன்னால் இறக்கினான்.

"புள்ளையோட உக்காரு தாயி. காரவள்ளி டாக்டர்கிட்டப் போயிருவோம்."

"டேய், அது சர்க்காரு டோலி! நான் எப்படி மலை இறங்குவது?"

"நீங்க மெல்ல நடந்து வாங்க சாமி. உங்களுக்குக் காய்ச்ச இல்லீங்களே."

காரவள்ளியில் ஊசி போட்டதும் சின்னாயி கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். டோலியோடு போயிருந்த நான் கஞ்சி வாங்க ஓடினேன். ஆணையர் மறுநாள் செருப்பைக் கையில் ஏந்தி வந்து சேர்ந்தார். வந்ததும், விழாவின் வெற்றியை மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். பணிவுடன் எழுதினேன்:

'சோதனை முழு வெற்றி. இம்மலையில் டாக்டரின் ஆயுள் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. ஆணையரின் கனத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. இத்தனை நாளாக இம்மலைதான் அதைச் சுமந்து வருகிறது.'