பேட்டரி தீரும் வரை

இன்று மலை உச்சிக்குப் போகப் போவதில்லை என்று காலை ஏழு மணிக்கே முடிவெடுத்துவிட்டேன். வீரமான முடிவு. மனைவியிடம் சொல்லாமல் எடுத்ததால் வீரம் ஒன்றும் குறைந்துவிடாது.

என் தொழிலைச் சொன்னால் உங்களுக்கே புரியும். வாகன இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம் பார்ப்பவன் நான். பதினாறு வருஷமாக என் மேசைக்கு வண்டிகளின் போட்டோ வருகிறது. ஒன்றுகூட முழு வண்டியாக வந்ததில்லை. மூக்கு நசுங்கினது, முதுகு பிளந்தது, நாலு சக்கரமும் ஆகாயத்தைப் பார்த்து மல்லாந்தது. மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறாள், நான் போட்டோ பார்க்கிறேன்.

அவளுக்கு ரெண்டு பைத்தியம். ஒன்று ஜீப், இன்னொன்று கேமரா. பனிக்காலம் வந்தால் போதும், ஒரு ஜீப் கோஷ்டியோடு சேர்ந்து பாதையே இல்லாத மலைமேல் ஏறிப் பனியைப் படமெடுக்க வேண்டும். "கீழேயே நிறைய பனி இருக்கேம்மா" என்றால், "அது மிதிபட்ட பனி" என்பாள்.

விடுதி அறையில் கம்பளிச் சட்டை ஒன்றை என் தலைவழியாக மாட்டிவிட்டாள். மேலே கோட்டு. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.

"இதைக் கழட்டவே கூடாது. சளி பிடிச்சுக்கும்."

என்ன அக்கறை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு தூரம்மா போறோம்?"

"வெளிச்சமும் பேட்டரியும் இருக்கிற வரைக்கும். ரெண்டுல எது தீர்ந்தாலும் திரும்பிடலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சூரியனை அணைக்க என்னால் ஆகாது. பேட்டரி என் சக்திக்கு உட்பட்டது. கடுங்குளிரில் கேமரா பேட்டரி செத்துப்போகும் என்று அவளே ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறாள். கேமராவுக்குள் ஒன்று, பையில் உபரியாக ரெண்டு. டயருக்குச் சங்கிலி மாட்ட மூன்று ஜீப்புகளும் நின்றன. எல்லோரும் குனிந்திருந்த நேரம் பார்த்து, உபரி ரெண்டையும் எடுத்து ஜீப் கூரைமேல் குவிந்திருந்த பனிக்குள் புதைத்தேன். அரை மணி கழித்து எடுத்து, துடைத்து, பழையபடி பையில் வைத்தேன். கைரேகைகூடக் கிடைக்காது. கையுறை போட்டிருந்தேன்.

ஏற ஆரம்பித்தோம். முன்வண்டியில் கோஷ்டித் தலைவர், நடுவண்டியில் அவள் ஓட்ட நான், பின்வண்டியில் ஒரு பல் டாக்டரம்மா. தலைவர் வாக்கி-டாக்கியில் வழி சொல்லிக்கொண்டே போனார்.

"வலது பக்கம் பாறை. ஒட்டி வாங்க. இடது பக்கம் ஒண்ணுமில்லை."

அப்பாடா! நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். நிம்மதியாக ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மனுஷன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஒண்ணுமில்லை. மரம் இல்லை. தரை இல்லை. கீழே, ரொம்பக் கீழே, வெள்ளையாக ஏதோ புகை.

"ஏங்க, கண்ணைத் திறங்க."

"திறந்துதான் இருக்கு."

"அப்புறம் ஏன் கையால மூடியிருக்கீங்க?"

அப்போது பின்சக்கரம் வழுக்கியது. ஜீப்பின் பின்பாகம் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், இடது பக்கம் கிளம்பியது. கண்முன் தெரிந்தது இதுதான்: என் மேசையில் எங்கள் ஜீப்பின் போட்டோ, நாலு சக்கரமும் ஆகாயத்தில்! அவள் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினாள். சங்கிலி பனியைக் கடித்தது. ஜீப் பாதைக்கு வந்தது.

"பயந்துட்டீங்களா?"

"சேச்சே!"

"அப்போ என் தோளை விடுங்க. கியர் போடணும்."

வெளியே மைனஸ் பதினெட்டு. எனக்கோ வேர்த்து ஊற்றுகிறது. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அழுத்தம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மாரடைப்பு ஒரு பக்கம்தானே வரும்? எனக்கு மட்டும் ஜோடியாக வருகிறதே!

ஒரு வளைவில் வண்டிகள் நின்றன. அவள் இறங்கிப் போய் விளிம்பில் மண்டியிட்டுப் படமெடுக்க ஆரம்பித்தாள். எனக்கு உயிரே இல்லை. நானும் இறங்கி ஜீப்பின் கதவைக் கட்டிப்பிடித்தபடி கத்தினேன்.

"ஒரு அடி பின்னால வாம்மா! எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான்!"

"நகருங்க, ஃபிரேம்ல வர்றீங்க."

பதினாறாவது படத்தில் கேமரா படுத்துவிட்டது.

"ஐயையோ!" என்றேன். அந்த ஐயையோவுக்கு எந்த நாடகக் கம்பெனியும் மாலை போட்டிருக்கும். "உபரி இருக்குமே?"

பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். உயிர் இல்லை. இன்னொன்று. அதுவும் போய்ச் சேர்ந்திருந்தது.

"விதி" என்றேன். "திரும்பிடலாம். சத்தியம் பண்ணியிருக்கே."

"பேட்டரி தீர்ந்தா திரும்பிடலாம்தான். கிட்ட வாங்க."

போனேன். என் கோட்டின் ஜிப்பை இறக்கினாள். தலைவர் பார்க்கிறார். பின்வண்டிப் பல் டாக்டரம்மாவும் பார்க்கிறார்.

"வேண்டாம்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்று நெளிந்தேன்.

ஐஸ் கையைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டாள். நான் போட்ட கூச்சலில் அடுத்த மலையில் பனி சரிந்திருக்கும். வெளியே வந்த கையில் பாலிதீனில் சுற்றிய பேட்டரி. கை மறுபடி உள்ளே போயிற்று. இன்னொன்று. என் ரெண்டு மாரடைப்பும் அவள் உள்ளங்கையில் இருந்தன.

"சட்டைக்கு உள்பக்கம் ரெண்டு பை தைச்சிருக்கேன்."

"அப்போ... கேமரா பையில இருந்தது?"

"போன வருஷமே வீணாப்போனது. நீங்க எதையாவது எடுத்துப் புதைக்கணுமே, பாவம். அதுக்குத்தான் வெச்சேன்."

"இதை உன் சட்டையில வெச்சுக்கக் கூடாதா?"

"வெச்சுப் பாத்தேங்க. எனக்குப் பயமே வரல, சூடும் ஏறல. உங்களைப் பாருங்க, கும்மட்டி அடுப்பு!"

கேமராவில் போட்டாள். நூறு சதவீதம் காட்டியது. மேலே இன்னும் குளிராம். பாதை இன்னும் குறுகலாம். தலைவர் தன் பேட்டரியைக் கொண்டுவந்து, "இதையும் கொஞ்சம் உள்ளே போட்டுக்கங்க சார்" என்றார். டாக்டரம்மா செல்போனை நீட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டேன்.

"நான் ஒரு அடி மேல வரமாட்டேன்! எனக்கும் சூடு சொரணை இருக்கு!"

அவள் தலைவரின் பேட்டரியை என் சட்டைக்குள் சொருகி, ஜிப்பை மேலே இழுத்தாள்.

"சூடு போதுங்க. சொரணை வேண்டாம்."