குத்துச்சண்டையில் நான் போட்ட துண்டு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷமாக உங்களிடம் பேச்சு வாங்கிவரும் அடியேன், கடல் கடந்து வந்த இடத்திலிருந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு நலம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் முட்டிவலியும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சவரம் செய்யப் போகிற ஆள், தெருவே கேட்கும். அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்தை உங்களைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்பது ஒரு வசதி.

மச்சான், உங்கள் மருமகள், என் மகள் பாப்பா, என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. நீங்கள்தான் அவளோடு பேச வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன், திட்டுவதைக் கடைசியில் மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா ஜிம்முக்குப் போகிறாள், உடம்பைக் குறைக்கிறாள் என்றுதானே நாமெல்லாம் நினைத்திருந்தோம். நாங்கள் வந்து இறங்கிய மூன்றாம் நாள், "சனிக்கிழமை எனக்கு மேட்ச் இருக்குப்பா, ரெண்டு பேரும் வரணும்"ன்னா. கேரம்போர்டாக இருக்கும் என்று நான் தலையாட்டினேன். "பாக்ஸிங்ப்பா"ன்னா. உங்கள் தங்கச்சி உட்கார்ந்துவிட்டாள். "யாரைடி அடிக்கப் போறே?" என்று கேட்டாள். "எடை ஒத்து வர்ற யாரையாவது." இரண்டு வருஷமாகக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி, அப்புறம் ஆபீஸ். இந்த ஒரு சண்டை ஜெயித்தால் நகரத்து அணியில் இடமாம். நம்மிடம் சொன்னால் பயப்படுவோம் என்று சொல்லவில்லையாம். பயந்தது யார், நானா? மோட்டார் காயில் கட்டுகிறவன், கரண்டிலேயே கை வைக்கிறவன், எனக்கென்ன பயம் என்று ஜம்பமாகக் கிளம்பிப் போனேன்.

ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கம். மடக்கு நாற்காலிகள், ரப்பர் விரிப்பு, தைல வாசனை. பாப்பாவின் மூலைக்கு நேர் பின்னால் எங்களுக்கு இடம். அவளுடைய கோச் அம்மா பீரோ மாதிரி இருந்தாங்க. அவங்க பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவங்களுக்குப் புரியாது, அதனால் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை. மணி அடித்ததும் உங்கள் தங்கச்சி கண்ணைப் பொத்திக்கொண்டாள். அரை நிமிஷத்தில் ஒரு விரலைத் திறந்தாள். ஒரு நிமிஷத்தில் நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டு, "விலாவுல குடுடி! விலாவுல குடு!"ன்னு கத்துறா மச்சான். கரப்பான்பூச்சியை அடிக்க என்னைக் கூப்பிடுகிறவள்! இத்தனை வருஷம் நான் எப்படித் தப்பித்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் ரவுண்டு பாப்பாவுக்கு. கத்திக் கத்தித் தொண்டை காய்ந்து உங்கள் தங்கச்சி தண்ணி வாங்கப் போனாள், அங்கே வரிசை. இரண்டாவது ரவுண்டு ஆரம்பித்தது, பாப்பா ஒன்றிரண்டு வாங்கினாள், அதெல்லாம் சகஜமாம். அந்த நேரம் பார்த்து ஒரு தடி ஆள் காலி நாற்காலியை நோட்டம் விட்டுக்கொண்டே வருகிறான். நமக்குக் கை சும்மா இருக்குமா? பஸ் நிற்கிறதுக்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு மூணு சீட்டு பிடிக்கிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தானே. தோளில் கிடந்ததை உருவி வீசினேன். வீசின வேகத்தில் அது கோச் அம்மா தலைக்கு மேலே பறந்து, கயிற்றைத் தாண்டி, மேடை நடுவில் போய்ப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நடுவர் இரண்டு கையையும் ஆட்டினார். எதிராளி கையைத் தூக்கிவிட்டார்கள். முடிந்தது. நம்ம மூலையிலிருந்து துண்டு விழுந்தால் "நாங்கள் தோற்றோம், போதும்" என்று அர்த்தமாம். கோச் அம்மா கத்திப் பார்த்தாங்க, சட்டம் சட்டம்தானாம். யாருடைய துண்டு என்று தேட வேண்டிய வேலையே இல்லை. நம்ம கடை பத்தாம் ஆண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த துண்டு. 'மோட்டார் காயில் கட்டித் தரப்படும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. என்னை விட்டால் அந்த அரங்கத்திலேயே அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மேடையில் நின்றாள்.

உங்கள் தங்கச்சி தண்ணி பாட்டிலோடு வந்து, "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? ஜெயிச்சுட்டாளா?" என்றாள்.

காரில் பாப்பா, "ஏம்ப்பா?" என்று ஒரே வார்த்தை கேட்டாள்.

"அம்மாவுக்கு இடம் பிடிச்சேம்மா."

"எனக்கு இடம் போச்சுப்பா."

"நான் கேட்டேனா இடம்?" என்று உங்கள் தங்கச்சி ஆரம்பித்தாள். "நின்னுக்கிட்டுத்தானே பார்த்தேன்! மனுஷனா நீங்க?" வீடு வரைக்கும் அதே பாட்டு.

"கோபம் தீர ரெண்டு குத்து குத்திடும்மா" என்று வாசலில் கேட்டே பார்த்தேன். "எடை ஒத்து வராதுப்பா" என்றாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான். துண்டைத் துவைத்து மடித்து என் தலையணை மேல் வைத்திருக்கிறாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. மடிப்பு அவ்வளவு நேராக இருக்கிறது மச்சான், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள் சொன்னால் கேட்பாள். "உங்கப்பனுக்கு விவரம் பத்தாதும்மா, தெரியாமப் பண்ணிட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்காமலே எல்லாக் கல்யாணத்திலும் சொல்வீர்களே, இந்த ஒரு தடவை நானே கேட்கிறேன், சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, எது பிடிக்குமோ அதில் முன்னுக்கு வரட்டும், பார்க்க மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை மட்டும் தனிப் படமா அனுப்புறேன், பார்த்ததும் அழிச்சிடுங்க. தடி ஆள் எவனும் வரலை மச்சான். தாயும் மகளும் உடை மாத்துற அறையில இருந்தப்போ வேற யாரோ ரெண்டு பேரோட முதல் சண்டை நடந்தது. அதுல ஒருத்தர் துண்டு வீசி நிறுத்தினதை நான் பார்த்தேன். ரெண்டாவது ரவுண்டுல பாப்பா மூக்குல ரத்தம் வந்துச்சு. அவ புறங்கையால துடைச்சுட்டு மறுபடியும் முன்னாடி போனா. என்னால முடியலை. குறி பார்த்துத்தான் வீசினேன். அப்பன் முட்டாள்னு அவ நினைச்சா ஒரு மாசத்துல சிரிச்சிடுவா. இவளால முடியாதுன்னு அப்பன் நினைச்சுட்டான்னு தெரிஞ்சா எப்பவும் சிரிக்க மாட்டா. அதனால போன்ல, "உங்கப்பன் விவரம் கெட்டவன்"கிறதை நல்லா அழுத்திச் சொல்லுங்க மச்சான், சந்தேகமே வராத மாதிரி.