நிலவறையில் மாமனார்

“அந்தச் சத்தம் மறுபடியும் கேக்குது” என்றாள் சில்வியா.

“எந்தச் சத்தம்?” என்றான் ரைமோ. அவனுக்கும் கேட்டிருந்தது.

வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருக்கும் கேஸ் ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும்போதெல்லாம், தகரப் பீப்பாயை யாரோ எட்டி உதைத்ததுபோல் ஒரு ‘டொம்’. கனடாவின் தண்டர் பே நகரத்துக் குளிரில், நவம்பர் மாதம் ஃபர்னஸ் மக்கர் பண்ணினால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். அது ரைமோவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவன் தானியக் கிடங்கில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். தன் வீட்டு இயந்திரத்துக்கு வெளியாளைக் கூப்பிடுவது அவனுக்குக் கௌரவப் பிரச்சினை.

“மான் வேட்டை சீசன் முடியட்டும். நானே பிரிச்சுப் பாத்துடறேன்.”

“அப்பா அதுக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கார், ரைமோ.”

சில்வியாவின் அப்பா எய்னோ, மனைவி இறந்த பிறகு இவர்களோடு வந்து நிலவறை அறையில் தங்கியிருந்தார். ஃபர்னஸுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். ரைமோவுக்கு மாமனார்மேல் உண்மையிலேயே பிரியம். அதனால் அன்றைக்கே சுவர் முழுக்கப் பஞ்சை அடைத்தான். சத்தம் குறைந்தது.

“மாப்ள, சத்தம் பரவால்ல. அந்தக் குழாய் வழியா ஜில்லுனு காத்து வருது” என்றார் எய்னோ.

ஃபர்னஸ் எரிவதற்காக வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் அது. ரைமோ ஒரு பழைய துண்டைச் சுருட்டி அதன் வாயில் திணித்தான். காற்று நின்றது. நீலமாக இருந்த நெருப்பு மஞ்சளாக மாறியது.

“பாக்க இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றான்.

சீசன் முடிந்தது. பிறகு கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றான். அதற்குள் எய்னோவுக்குத் தலைவலி ஆரம்பித்திருந்தது. பிறகு காலணிகள் ஃபிரிட்ஜுக்குள் கிடந்தன. காபியில் சர்க்கரைக்குப் பதில் சோப்புத்தூள் போட்டுக் கலக்கினார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ரைமோவைப் பார்த்து, “பாவோ, அந்த ரொட்டியை இப்படித் தள்ளு” என்றார்.

பாவோ என்பவன் சில்வியா முன்பு கட்டிக்கொள்வதாக இருந்த ஆள்.

“வயசாயிடுச்சு, மறந்துடறார்” என்றாள் சில்வியா.

“என்னைத்தான் மறந்துட்டார். அவனை நல்லா ஞாபகம் வெச்சிருக்கார்.”

குளிரில்தான் பெரியவருக்கு மூளை மந்தமாகிறது என்று ரைமோ முடிவு செய்தான். சூட்டை ஏற்றினான். சூடு வெளியே போகாமல் இருக்க அறைக்கதவைச் சாத்தினான். பெரியவர் இன்னும் மோசமானார். நிலவறைச் சுவரில் மாட்டியிருந்த அபாய அலாரம் வேறு வீறிட்டு அலற ஆரம்பித்தது.

“பேட்டரி போயிருக்கும்.”

புது பேட்டரி போட்டான். இன்னும் தெம்பாக அலறியது. எரிச்சலில் அதைப் பிடுங்கி கராஜில் கொண்டுபோய் வைத்தான். அங்கே அது கப்சிப்பென்று ஆகிவிட்டது.

“பாத்தியா? குளிர் பட்டதும் தானா சரியாயிடுச்சு!”

டாக்டர் ஞாபகத்தைச் சோதிக்கப் பெரியவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எய்னோ மிகுந்த சிரத்தையோடு ஒரு மீன் வரைந்தார். ஜனவரியில் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது வாசலில் கோட்டுப் பொத்தானை மாட்டத் தெரியாமல் நின்றவர், “நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?” என்று மகளைக் கேட்டார். சில்வியா வழி நெடுக அழுதுகொண்டே வண்டி ஓட்டினாள்.

ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தார்கள். அவர் அப்படியேதான் இருந்தார்.

காலியான அறைக்கு ரைமோ குடிபெயர்ந்தான், நிம்மதியாக ஹாக்கி பார்க்கலாமென்று. கொஞ்ச நாளில் அவனுக்கும் தலை வலித்தது. மனைவியின் பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். பனி அள்ளும் மண்வெட்டியோடு வாசலில் நின்று, இது எதற்கு என்று யோசித்தான்.

ஒரு காலை முட்டையைத் தட்டில் வைத்த சில்வியாவை நிமிர்ந்து பார்த்து, “ரொம்ப நன்றிங்க. உங்க பேரு?” என்றான்.

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபர்னஸ்காரருக்கு ஃபோன் போட்டாள். அவனை ஏன் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஃபர்னஸ்காரர் கையிலிருந்த மீட்டர் நிலவறைப் படியிலேயே கத்தியது. அவர் கேஸை மூடிவிட்டு இருவரையும் பனியில் தள்ளாத குறையாக வெளியேற்றினார்.

“கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, ஒண்ணும் கிடையாது. மொதல்ல மூளை, அப்புறம் ஆளே காலி. அந்த ரூம்ல யாருய்யா படுத்தது?”

“நான்தான்” என்றான் ரைமோ. பனியைப் பார்த்தபடி நின்றான். “எனக்கு முன்னாடி... எங்க மாமா.”

சில்வியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

புது ஃபர்னஸ் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் அலாரம் வந்தது. ரைமோவின் தலை தெளிந்தது. தெளியத் தெளியக் குற்ற உணர்ச்சி குடைந்தது. தனக்குச் சரியானால் மாமாவுக்கும் சரியாகியிருக்க வேண்டுமே! அறையில் புது மெத்தை விரித்துவிட்டு இருவரும் இல்லத்துக்கு ஓடினார்கள்.

“மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல! எல்லாம் என் தப்பு. வாங்க, நம்ம வீட்டுக்குப் போகலாம்!”

எய்னோ அவனை வெறித்துப் பார்த்தார்.

“தபாலை மேசையில வெச்சிட்டுப் போப்பா” என்றார். பிறகு காகிதக் கைக்குட்டையைக் கிழித்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார்.

ரைமோ மண்டியிட்டு அவர் முழங்காலில் முகம் புதைத்து அழுதான். காலம் கடந்துவிட்டது. ஒரு துண்டைச் சுருட்டித் திணித்து ஒரு மனிதனையே அழித்துவிட்டான். சில்வியா அவனைத் தூக்கி நிறுத்தி வெளியே நடத்திக்கொண்டு வந்தாள்.

தாழ்வாரத்தில் நர்ஸ் அய்லின் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அழாதீங்கம்மா, உங்கப்பா இங்க வந்த கொஞ்ச நாள்லயே நல்லாயிட்டாரு, உங்க வண்டி வாசல்ல வந்து நின்னா மட்டும்தான் இப்படி ஆயிடறாரு, அப்புறம் நீங்க கிளம்பினதும் என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘நம்பிட்டாங்களா?’ன்னு கேக்கறாரு!”