மீனைக் குளிப்பாட்டிய வீடு

மீன் எப்போது செத்தது, எதனால் செத்தது என்று சொல்வதில் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை போஸ்மார்ட்டம் என்று ஊரே கூப்பிட்ட மீன்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

காரோடு என்ற ஊரின் கடற்கரைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். செவுளைத் தூக்கி, சிவப்பைக் காட்டி விற்பது எல்லா மீன்காரரும் செய்வதுதான். இவர் சிவப்பு போனதையும் தூக்கிக் காட்டிவிடுவார். "இந்தச் சாளை வேண்டாம் மக்கா, முந்தாநாளு செத்ததாக்கும்." தன் சரக்குக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிற வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் குழம்பில் கிடந்த மீன் தலையைப் புரட்டிப் பார்த்து, "வியாழாச்ச உச்சைக்குப் போயிருக்கு" என்று அறிவித்தார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அடுத்த வியாழன்வரை பேசிக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் உதியன்குளங்கரையில் குடியிருந்தோம். முதல் குழந்தை பிறந்த நாலாம் நாள் போய்விட்டது. கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அதன்பிறகு என் மனைவி லீலா கழுவ ஆரம்பித்தாள். தரை, கதவு, சன்னல் கம்பி, என் குடைப்பிடி வரை. கை ஓய்ந்த நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பார்க்க வேறு ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு கண்ணாடித் தொட்டியும் பத்துத் தங்கமீன்களும் வாங்கி வந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

லீலாவின் முகம் தெளிந்தது. ஆனால் மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. இரண்டே வாரத்தில் ஒன்பது போய், ஒன்று மட்டும் மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "எனக்க கையில ஒண்ணும் நிக்காது" என்றாள் லீலா.

ஒன்பதாவது மீனைத் தென்னைமூட்டில் புதைக்கப் போனபோது போஸ்மார்ட்டம் வந்து சேர்ந்தார். விரல் நீள மீனை வாங்கி, நகத்தால் செவுளைத் தூக்கினார்.

"சாரே, செகிள வெந்து போயிருக்கு. தொட்டிய எப்படிக் கழுவுவிய?"

"தெனமும் கழுவுவா அண்ணே. கல்லையும் சேத்து தேச்சு, கிணத்துக்குப் போடுற ப்ளீச்சிங் பவுடர்ல ஒரு நுள்ளு போட்டு..."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "குளிப்பாட்டியே கொன்னுட்டியளே. நான் எறா வளக்குற எடத்துல ரெண்டு வருஷம் நின்னவனாக்கும். புதுத் தொட்டியில மீனுக்க அழுக்கத் திங்குற, கண்ணுக்குத் தெரியாத உயிரு கல்லுல பிடிக்கணும். அதுவும் ஒரு கிருமிதான், நல்ல கிருமி. அதத்தான் தெனமும் தேச்சு ஓடையில விட்டிருக்கிய."

அப்போது லீலா வாசலுக்கு வந்துவிட்டாள். "அண்ணே, உள்ளதச் சொல்லணும். எனக்க கையாலயா செத்தது?"

கல்யாணப் பந்தியிலேயே வாயை அடக்காத மனிதர் அவர். போஸ்மார்ட்டம் மறுபடி செவுளைத் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"கடையில வச்சே பாதி செத்ததாக்கும் மக்கா. சாரு பாத்து வாங்கல்ல. நீ இருந்ததுனாலதான் இத்தற நாளு நின்னுது."

பழி என் தலையில் விழுந்தது. அப்படி ஒரு நிம்மதியான பழியை நான் சுமந்ததே இல்லை.

மறுநாள் தனுவச்சபுரம் பக்கத்துக் குளத்திலிருந்து பாசி வழுக்கும் கல் ஒன்றைக் கொண்டுவந்து அவரே தொட்டியில் போட்டுவிட்டு லீலாவிடம் சொன்னார். "மிச்சம் நிக்கியது பாசியில வளருற சாதி. வெள்ளத்த முழுசா மாத்தப்பிடாது. வாரத்துக்கு ஒருக்கா காவாசி போதும், அதுவும் ஒரு நாள் வாளியில வச்ச வெள்ளம். தீனி ஒரு நுள்ளு. பவுடரக் கண்ணுல காட்டப்பிடாது." தினமும் சைக்கிளைத் தூரத்தில் விட்டுவிட்டுத்தான் தொட்டியைப் பார்க்க வருவார். பெட்டியைக் கண்டால் மீனுக்கு மனசு விஷமிக்குமாம், சங்கடப்படுமாம்.

மீன் பிழைத்தது. தேய்க்க வேண்டிய தொட்டியைத் தேய்க்காமல் உட்கார்ந்து பார்க்க லீலா மெல்லப் பழகினாள். பிறகு மற்றவற்றைக் கழுவுவதையும் விட்டாள்.

மூன்றாம் வருடம் எங்கள் மகள் பிறந்தாள். பார்க்க வந்த போஸ்மார்ட்டம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். "மீன் வாடையாக்கும் மக்கா, கழுவிட்டு வாறேன்."

"வேண்டாம் அண்ணே" என்று பிள்ளையை அப்படியே அவர் கையில் கொடுத்தாள் லீலா.