மீனின் நிறம் தெரியாத தட்டு

தட்டு சாரைப் போல ஒரு நூலகர் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் பாளையங்கோட்டையில் பிறக்க மாட்டார். ஒருவரைத் தாங்கியதே அந்த ஊருக்குப் பெரிய காரியம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீடியோ கோச் பஸ்ஸில் கிளீனராக இருந்த வேலை போய், நான் இரவில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலும் பகலில் அவருடைய சந்தா நூலகத்தின் மின்விசிறிக்குக் கீழேயும் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்குப் படம் போட்ட புத்தகம் போதும். பசித்தால் வாசலில் குழாய் இருந்தது.

ஒரு நாள், சிங்கப்பூரில் இருந்து திரும்பிக் காலமான டாக்டர் ஒருவரின் வீட்டார் ஒரு மரப்பெட்டியை அங்கே இறக்கிவிட்டுப் போனார்கள். உள்ளே லேசர் டிஸ்க்குகள். தோசைக்கல் அகலம், கண்ணாடிப் பளபளப்பு, இரண்டு பக்கமும் படம். ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போட வேண்டும். எதில் போடுவது? அதை ஓட்டும் பெட்டி வரவில்லை. ஊரில் எவரிடமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் பரணில் ஏற்றியிருப்பார்கள். நம் ஆள் அட்டவணை அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவில் மை நிரப்பினார்.

தட்டுக்கு ஓர் அட்டை. அகலம், பக்கம், மொழி, ஓடும் நேரம், நிறம். உறையில் அச்சிட்டிருந்ததை எல்லாம் அகராதி வைத்துப் படித்தார். நூலக முத்திரையைத் தட்டின் மேலேயே குத்தினார், மை ஒட்டவில்லை. பச்சைக் குழந்தையின் வாயைத் துடைப்பது போல வேட்டி நுனியால் துடைத்துவிட்டு உறையில் குத்தினார். தேசப்படப் புத்தகங்களைக் கீழே இறக்கிவிட்டுத் தட்டுகளை மேலே ஏற்றினார். வந்தவர்கள் அவற்றை உருவி முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள்.

"போட்டுப் பாக்கப் பெட்டி இல்லாத தட்டுக்கு எதுக்கு வே அட்டை எழுதுதீரு?" என்று ஒரு வக்கீல் கேட்டார்.

"படிக்கத் தெரியாதவன் ஊர்ல இருக்காம்னு பொஸ்தகத்த அடுக்காம இருக்கமா?"

வக்கீல் அதற்குப் பிறகு தலை சீவவில்லை.

அப்போதுதான் உள்ளங்கை அகல வீடியோ சிடிக்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. டிவி மெக்கானிக் ஒருவர் தன் சிடி பெட்டியைத் தூக்கிவந்து, பெரிய தட்டை அதன் வாயில் வைத்துப் பார்த்தார். நுழையுமா?

"கவலைப்படாதிய சார். சுத்தி அறுத்துச் சின்னதாக்கிருதேன்."

தட்டு சார் தட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மெக்கானிக் தெருமுனை தாண்டிவிட்டார் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் கதவு திறந்தது.

எல்லா அட்டையும் முடிந்து ஒன்று மட்டும் முடியவில்லை. ஜப்பானியத் தட்டு. உறையில் கறுப்பு மையில் வரைந்த ஒற்றை மீன். மற்றதெல்லாம் கோழி கிளறியது போன்ற எழுத்து. படம் வண்ணமா, கறுப்பு வெள்ளையா? நிறம் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார். வைகாசியோடு அவருக்கு ஓய்வு.

"கேள்விக்குறியோட எப்படி வே ஒப்படைச்சிட்டுப் போவேன்?" என்றார் என்னிடம். சோறு இறங்கவில்லை அவருக்கு. கொண்டுவந்த தூக்குச்சட்டி என் பக்கம் வந்ததால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வீட்டில் அந்தப் பெட்டி இருப்பதாக என் பழைய பஸ் டிரைவர் சொன்னார். மறுநாளே கிளம்பினோம். வழி முழுக்கத் தட்டு அவர் மடியில். அவர் நின்றுகொண்டிருந்த நேரத்தில் என் மடியில்.

அண்ணாச்சி தட்டைப் போட்டார். மீன் வந்தது. சாம்பல் நிறத்தில், சாம்பல் தண்ணீரில், வாலை ஆட்டிக்கொண்டு. தட்டு சார் எழுந்து நின்றுவிட்டார். அட்டையை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"பொறும் சார்வாள்," என்றார் அண்ணாச்சி. "இது நம்மூரு வகை டிவி. ஜப்பான் தட்டு எதப் போட்டாலும் சாம்பலாத்தான் காட்டும். ரெண்டு வகையும் காட்டுத டிவிய மவன் துபாய்ல இருந்து கொண்டாரான். ஆனிக் கடைசில."

பேனா அந்தரத்தில் நின்றது.

"சும்மா வண்ணம்னு எழுதிட்டுப் போவும். எவன் வந்து பாக்கப்போறான்?"

"எவனும் பாக்க மாட்டான் அண்ணாச்சி. அதனாலதான் நான் சரியா எழுதணும்."

பெரிய கோயில்களில் கூட எனக்குக் கை கூப்பத் தோன்றியதில்லை, அன்றைக்குத் தோன்றியது. அவர் மூடியைத் திருகி, தட்டை முறைப்படி அண்ணாச்சி பேருக்கு இரவல் பதிந்து கொடுத்துவிட்டு எழுந்தார். எனக்கு அந்த ஆலையிலேயே மூட்டை தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வைகாசியில் கேள்விக்குறியோடு ஓய்வு பெற்றார். ஆனிக் கடைசியில் டிவி வந்தது. அண்ணாச்சி கூப்பிட்டனுப்ப, தவிட்டு உடம்போடு போய் நின்றேன். மீன் வந்தது. தட்டை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன்.

தட்டு சார் வீட்டில், கண்ணில் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி கட்டிப் படுத்திருந்தார்.

"சார், வண்ணம்தான். மீன் சிவப்பு."

துணிக்குக் கீழே அவர் முகம் அப்படி மலர்ந்தது. பிறகு பைய எழுந்து உட்கார்ந்தார்.

"எந்தச் சிவப்பு வே?"

நான் யோசித்தேன். "செம்பருத்தி மாதிரி... இல்ல சார். மொளகா வத்தல்... அதுவும் இல்ல. சொல்லத் தெரியல."

"அப்பம் வண்ணம்னு மட்டும் எழுதச் சொல்லும். தெரியாதத எழுதப்படாது."

நூலகத்துக்குப் போய்ப் புது ஆளைப் பக்கத்திலிருந்து எழுத வைத்துவிட்டுத்தான் ஆலைக்குத் திரும்பினேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. நானும் எத்தனையோ ஊர்களில் மூட்டை தூக்கிவிட்டேன். எங்கேயாவது இதுவரை பார்க்காத ஒரு சிவப்பைக் கண்டால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று.