மூக்கில்லாத முகமும் அட்டைப் பண்டிதரும்

அட்டைப் பண்டிதர் என்றொரு இனம் உண்டு. அருங்காட்சியகத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காணக் கிடைக்கும். படத்துக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டடி பின்வாங்கி, பின்னால் நிற்பவர் காலை மிதித்து, அதற்கு மன்னிப்பும் கேட்காமல் "ம்ம்ம்…" என்று இழுப்பாரே, அவரேதான். படத்தையா பார்க்கிறார்? அதற்கெல்லாம் ஏது நேரம்! பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பு அட்டையைக் கடைக்கண்ணால் படித்துக்கொண்டிருக்கிறார். படித்து முடித்ததும், எல்லாம் தன் மண்டையில் உதித்ததுபோல் ஊருக்கே கேட்க ஒப்பிப்பார்.

நம் பண்டிதர் குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மகளுக்கு ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். போன வாரம் அவள் அப்பாவையே வரைந்து காட்டினாள்: ஒரு வட்டம், இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு.

"மூக்கு எங்கடி? இந்த லட்சணத்துக்கு ஒரு காலேஜ் வேறயா?" என்று சீறி, விண்ணப்பத்தை டி.வி.க்கு அடியில் செருகிவிட்டார். அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "ஞாயித்துக்கிழமை மியூசியம் போலாம்ப்பா" என்றாள். பாவம், மனுஷன் பூரித்துப்போனார்.

அங்கே சுவரில் ஒரு முகம். வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "மூக்கையே காணோமே!" என்று சொல்லி வாய் மூடவில்லை, குறிப்பு அட்டையை அதற்குள் படித்து முடித்திருந்த பண்டிதர் பிடித்துக்கொண்டார்.

"மூக்கைப் போட எவனாலயும் முடியும்மா. போடாம விடறதுக்குத்தான் தைரியம் வேணும்! இந்த ஒரே கோட்டுல ஒரு மனுஷனோட வாழ்க்கையே இருக்கு பாருங்க."

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கூட வந்திருந்த பண்டிதரின் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏம்ப்பா, இப்படி வரையறதுக்கெல்லாம் படிக்கணுமா?" என்றாள் மகள், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல.

"பின்ன? வருஷக்கணக்கா உருண்டு புரண்டு படிச்சாத்தான் இந்தக் கோடு வரும்!"

மகள் பையைத் திறந்தாள். விண்ணப்பம் வந்தது. பேனாவும் வந்தது.

"அப்போ இதுல ஒரு கையெழுத்து போடுங்கப்பா. நாளைக்குத்தான் கடைசி நாள்."

"அடடே, உங்க பொண்ணும் வரையுமா? குடுத்து வச்சவர் சார் நீங்க!" என்றார் அந்த அம்மாள். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். பண்டிதர் உதவிக்கு மனைவியைத் தேடினார். அவரோ படத்தை அப்படி ஒரு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டார். வேறென்ன செய்வார்? பேனாவை மூடும்போதுதான் முதல்முறையாகப் படத்தை நேராகப் பார்த்தார். அந்த ஒற்றைக் கோடு தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது.

நீங்களும் சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டு டி.வி.க்கு அடியில் எதையாவது செருகி வைத்திருந்தால் மட்டும், அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எங்கே கூப்பிட்டாலும் யோசித்துக் கிளம்புங்கள்.