பாகத்தில் வந்த கீபோர்டு

"வி-யை அமுக்கு."

"அமுக்கிட்டேன் மொதலாளி."

"ஏ-யை அமுக்கு."

"எதை அமுக்குனாலும் அதேதான். ஸ்கிரீன்ல ஒரு புள்ளி கூட விழல."

பானுப்பிரியா கையை எடுத்துவிட்டுப் புதுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். வெள்ளைத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. மேசைமேல் ஒயர் இல்லாத பழைய கறுப்பு கீபோர்டு, பாதி எழுத்து தேய்ந்துபோய்ப் படுத்துக் கிடந்தது.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அந்த ஆபீசில் டைப் அடிப்பது, டிசைன் போடுவது எல்லாம் பானுதான். தினமும் எம். புதுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அன்றைக்குக் காலண்டர் வேலையெல்லாம் ஓரமாக நின்றது. முதலாளி செல்லப்பாண்டியின் மகள் முத்துமாரிக்குக் கல்யாணம். மதியத்துக்குள் பத்திரிகையை அடித்துக் கொடுத்தால்தான் மெஷினில் ஏற்ற முடியும். முதல் பத்திரிகையைச் சாயங்காலம் குலசாமிக்கு வைப்பதாக வீட்டில் முடிவாகியிருந்தது.

"பேசாம வேற கீபோர்டு வாங்கிருவோமா மொதலாளி? எதுத்த கடையிலயே இருக்கு."

"அம்புட்டுக் கடையிலயும் இருக்கும். வாங்க மாட்டேன். இது எம் பாகத்துல வந்தது."

போன வருஷம் செல்லப்பாண்டியும் தம்பி அருள்பாண்டியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வாசல் போர்டில் யார் பெயர் மேலே என்று தொடங்கிய சண்டை அது. பிரித்துவைத்த பெரிய மனிதர்கள் ஊசிமுனை அளவுக்கு நியாயம் பார்த்தார்கள். பெரிய மெஷின் அண்ணனுக்கு, கட்டிங் மெஷின் தம்பிக்கு. கம்ப்யூட்டர் தம்பிக்கு, கீபோர்டு அண்ணனுக்கு. கடிகாரம் அண்ணனுக்கு, அது தொங்கிய சுவர் தம்பிக்கு. ஹாலுக்குக் குறுக்கே ஒரு பிளைவுட் தடுப்பு வந்தது. அதற்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. இருமல் சத்தம் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

பானு இத்தனை நாள் தன் லேப்டாப்பை வைத்துச் சமாளித்தாள். அது உயிரை விட்ட பிறகுதான் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கூட வந்த கீபோர்டை, "எங்கிட்ட இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தார் செல்லப்பாண்டி. பிறகு பீரோவைத் திறந்து, மஞ்சள் துண்டில் சுற்றி வைத்திருந்த தன் பாகத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"பேட்டரி தீந்திருக்கும்" என்றாள் பானு.

ஆணி அடிக்கச் சுவர் இல்லாததால் மேசைமேல் சாய்ந்திருந்த கடிகாரத்தைச் செல்லப்பாண்டி கவிழ்த்துப் பேட்டரியைக் கழற்றினார். கீபோர்டில் போட்டதும் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

"உசுரு வந்துருச்சு பாரு" என்றார்.

உயிர் வந்ததே தவிர எழுத்து வரவில்லை. கடிகாரம் நின்றுபோனதுதான் மிச்சம். மெஷின் ஓட்டும் நாகையா டீ நேரம் ஆகிவிட்டதா என்று எட்டிப் பார்த்து, "இன்னும் பத்தேகால்தானா" என்று திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தார். மூன்றாவது முறை வந்தபோது அவர் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் கடிகாரத்தின் மேல் அல்ல, தன் மேல்.

"மொதலாளி, இந்த மாதிரி கீபோர்டுக்கு நகம் அளவுல ஒரு சாமான் இருக்கும். அதைக் கம்ப்யூட்டர்ல சொருகணும்."

"ஏன் மொதல்லயே சொல்லல? டிராயர்ல ஒண்ணு கெடக்கே."

கிடந்தது. ஆனால் புதுக் கம்ப்யூட்டரின் துளைகள் எல்லாம் எறும்பு வாய் மாதிரி இருந்தன. செல்லப்பாண்டி சாமானைத் துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது போகவில்லை என்றதும் பேப்பர் வெயிட்டைத் தேடினார். பானு அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, செல்போன் கடைக்கு ஓடிப்போய் நடுவில் மாட்டும் இணைப்பு ஒன்று வாங்கிவந்தாள்.

சொருகியதும் திரையில் அம்புக்குறி துள்ளியது.

"ஓடுது பாரு, ஓடுது பாரு" என்று செல்லப்பாண்டி டிராயரைச் சாத்தினார். அம்புக்குறி திரையின் மூலைக்குப் பாய்ந்தது. திறந்தார். திரும்பி வந்தது.

"ஏன் மொதலாளி இப்பிடி மெரளுது?"

"புதுசுல்ல. பழகுனா சரியாயிரும்."

கீபோர்டைத் தட்டினார்கள். ஒன்றும் வரவில்லை. பானு, விருதுநகரில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தன் அண்ணன் செழியனுக்குப் போன் போட்டாள்.

"செட்டிங்குக்குப் போ. அங்கன மனுசன் படம் மாதிரி ஒண்ணு இருக்கும். அதை அமுக்கு" என்றான் செழியன்.

பானு கம்ப்யூட்டரோடு வந்த புது மவுசால் அம்புக்குறியை அங்கே கொண்டுபோனாள். செல்லப்பாண்டி மூக்குக்கண்ணாடி எடுக்க டிராயரைத் திறந்தார். பானு அமுக்கும்போது அம்புக்குறி துள்ளி வேறு எதன் மேலேயோ விழுந்தது. உடனே ஒரு பெண் குரல் கணீரென்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது.

"யாரு இந்தம்மா?"

"கம்ப்யூட்டர் பேசுது மொதலாளி. திரையில உள்ளதை எல்லாம் வாசிக்குமாம்."

"ஸ்கிரீன்லதான் ஒண்ணுமே இல்லையே. அப்புறம் எதை இம்புட்டு நேரமா வாசிக்குது? நிறுத்தச் சொல்லு."

நிறுத்தப் போன இடத்தில் திரை தலைகீழாகக் கவிழ்ந்தது. மேலே தள்ளினால் அம்புக்குறி கீழே போனது. அந்தம்மா மட்டும் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். போனில் செழியனுக்குப் பின்னால் நாலு பேர் சத்தம் போட்டார்கள்.

"பானு, கடையில கூட்டமா இருக்கு. சில நேரம் எழுத்தெல்லாம் உள்ள தங்கிக்கிட்டு, பெறகு மொத்தமா வந்து விழும். நீ பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

செல்லப்பாண்டிக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. "நம்ம பெரிய மெஷினும் அப்பிடித்தான். மொத அரை மணி நேரம் வெறுந்தாளைத் தள்ளும். நீ அடி. வர்றப்ப வரட்டும்." அதற்கு முன் திரையை நேராக்க வேண்டும் என்று, கம்ப்யூட்டர் திரையையே தூக்கித் தலைகீழாக வைத்து, இரண்டு பக்கமும் காலண்டர் கட்டுகளை முட்டுக்கொடுத்தார். அதன் கால் மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

பானு அடித்தாள். திரையைப் பார்க்காமல், பக்கத்திலிருந்த தாளைப் பார்த்து முழுப் பத்திரிகையையும் அடித்தாள். அன்புடையீர், எங்கள் மகள் திருவளர்ச்செல்வி முத்துமாரியின் திருமணத்துக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து என்று அடித்துக்கொண்டே போனாள். வெள்ளைத் திரை வெள்ளையாகவே இருந்தது.

தங்கள் வரவை விரும்பும் என்கிற இடத்துக்கு வந்தபோது முதலாளியின் மனைவி கற்பகவல்லி பூக்கூடையுடன் உள்ளே வந்தார். தலைகீழாக நின்ற திரையைப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்த குரலைக் கேட்டார். அதைப் பற்றியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை.

"கொழுந்தனார் பேரு போட்டாச்சா?"

"அவன் பேரு எதுக்கு?" என்றார் செல்லப்பாண்டி.

"பிள்ளைக்குச் சித்தப்பா. அவ நடை பழகுனதே அவுக கையைப் பிடிச்சுத்தான். பேரில்லாத பத்திரிகைய எந்த முகத்தோட சாமி முன்னால வைப்பீக?"

"போர்டுல எம் பேருக்கு மேல அவன் பேரு இருக்கணும்னானே, அப்ப எங்க போனாரு சாமி? போடாத பானு."

"நீ போடு பானு" என்றார் கற்பகவல்லி.

பானு இருவரையும் பார்த்தாள். பிறகு வெள்ளைத் திரையைப் பார்த்தாள். எப்படியும் ஒன்றும் தெரியப் போவதில்லை. சித்தப்பா அருள்பாண்டி என்று மளமளவென்று அடித்தாள். கற்பகவல்லி அவள் விரல்களைப் பார்த்துத் திருப்தியானார். செல்லப்பாண்டி திரையைப் பார்த்துத் திருப்தியானார். அன்று காலையிலிருந்து அந்தக் கீபோர்டால் ஆன முதல் நன்மை அது.

கற்பகவல்லி ஆபீசுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனதும் செல்லப்பாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. மதிய வெயில் வாசல்வரை வந்துவிட்டது, பத்திரிகை வரவில்லை. மெஷின் காத்திருந்தது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஒற்றை விரலால் வி, ஏ, ஏ என்று குத்தினார்.

"என்ன மொதலாளி அடிக்கிறீக?"

"வா-ன்னு கூப்புடுறேன். வருதா பாப்போம்."

வரவில்லை. மறுபடி வா என்று அடித்தார். வாடா என்று அடித்தார். அதற்கும் அசையவில்லை என்றதும் அவர் கண் கலங்கினாற்போல ஆனது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி, வந்துரு, எம்புட்டு நேரமா கூப்புடுறேன், மகளுக்குக் கல்யாணம்டா, வந்துருடா என்று குத்தினார். வேர்வை கீபோர்டில் சொட்டியது.

"விடுங்க மொதலாளி. நான் எதுத்த கடைக்கே போயிட்டு வந்துர்றேன்" என்றாள் பானு.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டிராயரில் எறிந்தார். அம்புக்குறி திரை முழுக்கச் சுற்றியது. பானுவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. டிராயருக்குள் கையை விட்டு, ரசீதுக் கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய மவுசை வெளியே எடுத்தாள். அதை ஆட்டினாள். அம்புக்குறி ஆடியது.

"மொதலாளி, நாம சொருகுனது இந்த மவுசோட சாமான். கீபோர்டோடது இல்ல."

"அப்ப அதோடது எங்க?"

இருவரும் டிராயரைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கும்போது, தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப் பெருக்கும் சின்னத்தாய் வாசல் வழியாக உள்ளே வந்தார். போன வருஷத்திலிருந்து அந்தப் பக்கத்து ஆள் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. செல்லப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னத்தா?"

"சின்ன மொதலாளி வேட்டி மாத்திக்கிட்டு இருக்காக. அண்ணன் எம் பேரையும் போட்டு எங் கம்ப்யூட்டர்லயே பத்திரிகை வச்சு, வாடா வாடான்னு காலையில இருந்து கூப்புடுதாரு, இனியும் போகலைன்னா நான் மனுசனே இல்லன்னு ஒரே அழுகை. எலை போடச் சொன்னாக."